தண்டுவடத்துக்கு எவ்வளவு போனது

என் அறைக்கு நோயாளிகள் வருவதில்லை. மதுரையில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். எக்ஸ்ரே அறைக்கும் துணி துவைக்கும் கூடத்துக்கும் நடுவில், ஏசி மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற சின்ன அறை. டாக்டர்கள்கூட போனில்தான் என்னைத் திட்டுவார்கள். அதனால் கதிர்வீச்சுப் பிரிவு டாக்டரம்மா ஒரு காலையில் ஒரு பெண்ணையும் அவர் கணவரையும் கூட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்தபோது, எங்கோ பெரிதாக எதுவோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். கணவர் விவசாயம். நான்கு வருடங்களுக்கு முன்னால் தாடைக்குக் கீழே வந்த கட்டிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கதிர்வீச்சு கொடுத்து, நன்றாகி அனுப்பினோம். இப்போது அதே பக்கம், கழுத்தில் இன்னும் கொஞ்சம் கீழே, மறுபடி வந்திருக்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இவங்களோட பழைய பிளான் வேணும். அன்னைக்குத் தண்டுவடத்துக்கு எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம நான் இதுல கை வைக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

கதிர்வீச்சு கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற விஷயம் இல்லை. ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தின்மேல் கம்ப்யூட்டரில் கோடு போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து கதிர் வர வேண்டும், கட்டிக்கு எவ்வளவு, பக்கத்தில் இருக்கிற நல்ல உறுப்புகளுக்கு எவ்வளவு என்று முதலிலேயே முடிவு செய்வார்கள். அதைத்தான் பிளான் என்பது. கட்டிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருந்தது. பக்கத்தில் ஓடுகிற தண்டுவடத்தில் எவ்வளவு பட்டது என்பது பிளானில் மட்டும்தான் இருக்கும். தண்டுவடத்துக்கு மறதி கிடையாது. வாழ்நாளுக்கு இவ்வளவுதான் தாங்கும். தாண்டினால் கைகால் விழுந்துவிடும். பழைய அளவு தெரிந்தால், மிச்சம் இருக்கிற இடைவெளிக்குள் கட்டியை முழுசாகக் கரைக்கப் பார்க்கலாம். தெரியாவிட்டால், இடைவெளியே இல்லை என்று வைத்துக்கொண்டு வலி குறைகிற அளவுக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். டாக்டரம்மா இதை அவர்கள் இருவருக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்காக இன்னொரு முறை சொன்னார்.

"உங்களுக்குக் கலர் காகிதத்துல ஒரு ஃபைல் போட்டுக் குடுத்திருப்போமே?" என்று கேட்டேன்.

கணவர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண்தான் பதில் சொன்னார். "அது இல்ல சார். நல்லாயி வீட்டுக்கு வந்த வருசம் போகிக்கு, பழைய பாய், வெளக்கமாறோட சேத்து இவரு அதையும் போட்டுக் கொளுத்திட்டாரு. ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுல கெடந்தா சீக்கு திரும்ப வந்துரும்னு."

"ஊருல எல்லாரும் செய்யிறதுதான சார்" என்றார் கணவர், மெதுவாக.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. படிக்காத ஜனங்களோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு வசனம் ஓடியது. அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் கொளுத்தியது ஒருவருடைய காகிதத்தை. நான் செய்துவைத்திருந்தது என்ன என்று எனக்குத் தெரிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்ல சார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இருக்கும்மா. பத்திரமா இருக்கு" என்றேன். அது உண்மைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் பேக்கப் எடுக்கிறவன் நான். மூன்று ஹார்ட் டிஸ்க், ஒன்று வேறு கட்டடத்தில் பீரோவுக்குள். ஒரு நோயாளியின் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை என்று மீட்டிங்குகளில் பீற்றிக்கொள்வது என் வழக்கம்.

அவர்கள் போன பிறகு பழைய பிளானிங் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். இரண்டு வருடமாகப் போர்வை போட்டு மூலையில் கிடந்தது. திரை வந்தது, கம்பெனியின் சின்னம் வந்தது, அதன் கீழே ஒரே ஒரு வரி: லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது. அதற்குமேல் உள்ளே விடவில்லை. சரி, பேக்கப்பிலிருந்து கோப்பை எடுத்துப் புது மெஷினின் சாஃப்ட்வேரில் திறக்கலாம் என்று பார்த்தேன். இது என்ன கோப்பு என்றே அதற்குத் தெரியவில்லை. இணையத்தில் கிடைக்கிற இலவசக் கருவிகள் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பெனி தன் கோப்புகளைத் தன்னுடைய சாஃப்ட்வேர் மட்டுமே படிக்கிற மாதிரிப் பூட்டி எழுதியிருந்தது. அந்த அம்மாவின் கோப்பு என் கையில் இருந்தது. எத்தனை எம்பி என்றுகூடச் சொல்ல முடிந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பழைய சாஃப்ட்வேரை வாங்கியபோது ஒப்பீட்டுத் தாள் தயாரித்தவன் நானேதான். ஒப்பீடு என்று பேர். இந்தச் சந்தையில் இருப்பதே இரண்டு மூன்று கம்பெனி. அதில் இந்தப் பக்கம் ஆள் அனுப்பிச் சர்வீஸ் செய்கிறவன் ஒருவன். விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், "பிளான்களைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்கும் வசதி, தனி லைசென்ஸ்" என்று ஒரு வரி இருந்தது. கமிட்டி விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியது. வேண்டாத வசதிகளை வெட்டச் சொன்னார்கள். நான் பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டேன்.

அப்போதைய சூப்பரின்டெண்ட் கெட்டிக்கார மனுஷி. "நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அப்படி ஒரு தேவையே வராது மேடம்" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை, டீ வந்துவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

பிறகு அந்தக் கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கியது. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் ஏறியது. கடைசியில் "இந்த சாஃப்ட்வேரின் ஆயுள் முடிந்தது, புதியதற்கு மாறுங்கள்" என்று கடிதம் வந்தது. நிர்வாகத்துக்கு வெறுத்துப்போய், புது மெஷின் வாங்கும்போது இன்னொரு கம்பெனிக்கு மாறினார்கள். பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எல்லாம் பேக்கப்பில் இருக்கிறதே என்று அன்றைக்கும் நான்தான் தைரியம் சொன்னேன்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக, ஒப்பந்த எண் கேட்டது. ஒப்பந்தம் இல்லை என்றேன். "ஒப்பந்தம் இல்லாமல் புகாருக்கு டிக்கெட் போட முடியாது சார்" என்றது. ஒரு நோயாளியின் உயிர் விஷயம் என்றேன். "புரிகிறது சார். டிக்கெட் போட ஒப்பந்த எண் வேண்டும்" என்றது. நான் கத்தினேன். குரல் கொஞ்சமும் மாறாமல் நன்றி சொல்லி வைத்துவிட்டது. கத்தியதற்குப் பதிலாக அழுதிருந்தாலும் அதே நன்றிதான் கிடைத்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து சென்னையிலிருந்து அவர்களுடைய விற்பனை மேலாளர் பேசினார். இனிமையான மனிதர். அவரும் மதுரைக்காரர்தானாம், திருமங்கலத்தில் மாமனார் வீடாம். ஒரே ஒரு கோப்பைத் திறக்க லைசென்ஸ் என்று அவர்களிடம் ஒன்று கிடையாது என்றார். புது சாஃப்ட்வேருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால் பழைய கோப்புகளையெல்லாம் அவர்களே மாற்றித் தருவார்களாம்.

"எங்கள்ட்ட வேற மெஷின் இருக்கே சார். உங்க சாஃப்ட்வேர வச்சு நாங்க என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"அது உங்க முடிவு அண்ணே. பேஷண்ட்டுன்னு சொல்றீங்க, மனசு கேக்கல, அதான் சொல்றேன்" என்றார். அந்த 'அண்ணே'யில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அது மேசைக்கு மேசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் அலைச்சலுக்குப் பயந்து அவனியாபுரத்தில் நாத்தனார் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். அறை வாசலில் பெஞ்சு எதுவும் கிடையாது. உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "இந்தக் குளுரு எனக்கு ஆவாது சார்" என்று நின்றுகொண்டே பேசுவார். பள்ளிக்கூடத்தில் தனக்குப் பதிலாகச் சமைக்கிறவளுக்கு உப்பு நிதானம் கிடையாதாம். பிள்ளைகள் சோற்றைக் கொட்டுகிறார்களாம். அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது. சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் பரீட்சைக்கு முன்னால் வேலைக்குப் போய்விடலாம் என்பார். ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்தை நான் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன்; பார்த்துவிடுவேன்.

ஒருநாள் கேட்டார், "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க சார். அது என்னோட ஒடம்பப் பத்தி எழுதுனதுதான?"

"ஆமாம்மா."

"எழுதுனது இந்த ஆஸ்பத்திரில இருக்குற டாக்டருக?"

"ஆமா."

"பெட்டியும் உங்களோடது?"

"ஆமாம்மா."

"அப்பறம் எவன்ட்ட கேக்குறீக?"

லைசென்ஸ், ஒப்பந்தம், கோப்பின் வடிவம் என்று பதினைந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில், "பாத்து செய்ங்க சார், நான் நாளன்னைக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னார். அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். டவுன்ஹால் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற என் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "இதுக்கா மாப்ள இம்புட்டு யோசிக்கிற? தேதியப் பின்னாடி தள்ளிவிடு. லைசென்ஸ் இருந்த காலத்துத் தேதிய வையி. அது பாட்டுக்குத் தொறக்கும்" என்றான். எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த தில்லுமுல்லு. கடைகளில் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்களை இப்படித்தான் வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். அப்படி எத்தனையோ பேருக்கு நானே செய்து கொடுத்துச் சபாஷ் வாங்கியிருக்கிறேன்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரின் தேதியை மூன்று வருடம் பின்னால் தள்ளினேன். திறந்தது. சத்தியமாகத் திறந்தது. நோயாளிகளின் பட்டியல் முழுசாகத் திரையில் வந்தது. கீழே இறக்கிக்கொண்டே போனேன். அந்த அம்மாவின் பேர் இருந்தது, பக்கத்தில் ஊர்ப்பேர், வயது, சிகிச்சை தொடங்கிய நாள். பேரின்மேல் அமுக்கினேன். திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு, தேதி மாற்றப்பட்டிருப்பது கண்டறியப்பட்டதால் இந்தக் கணினி நிரந்தரமாகப் பூட்டப்படுகிறது, கம்பெனியின் பொறியாளர் நேரில் வந்துதான் திறக்க முடியும் என்று வந்தது.

தேதியை முன்னால் கொண்டுவந்தேன். அணைத்துப் போட்டேன். ஹார்ட் டிஸ்கை மாற்றிப் பேக்கப்பை ஏற்றிப் பார்த்தேன். பூட்டு எந்தச் சிப்பில் உட்கார்ந்திருந்ததோ, எதற்கும் அசையவில்லை. முதல்நாள் வரை வாசல்தான் சாத்தியிருந்தது. நான் போய் ஆணி அடித்துவிட்டு வந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். ஐம்பது வயதில் அப்படி அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். "மூச்சுக்குழாய் ஓரத்துக்கு வந்துருச்சு சார். இன்னும் எத்தனை நாள் சொல்றீங்க?"

நிர்வாகம் அந்த வாரமே ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தது. ஒரு நோயாளிக்காக மட்டும் இல்லை; அந்தப் பெட்டிக்குள் இதேபோல நூற்றுக்கணக்கான பேரின் பிளான் இருக்கிறதே, அவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும். நமக்குப் பயன்படாத ஒரு சாஃப்ட்வேருக்கு, நம்முடைய கோப்புகளைப் பார்ப்பதற்காக, ஐந்து வருடம். கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் இனிமையான மேலாளர் வாழ்த்துச் சொன்னார். ஆனால் பூட்டியதைத் திறக்க வர வேண்டிய பொறியாளர் தெற்கே மொத்தத்துக்கும் ஒரே ஆளாம். அவர் கேரளாவில் ஒரு வேலையில் இருந்தார். அதை முடித்து, விடுப்பு முடித்து, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஆணி அடிக்காமல் இருந்திருந்தால் சென்னையிலிருந்தபடியே அரைமணி நேரத்தில் திறந்திருப்போம் என்றும் போகிறபோக்கில் சொன்னார்கள்.

டாக்டரம்மா காத்திருக்கவில்லை, காத்திருக்க முடியாது. தண்டுவடத்தில் இடமே இல்லை என்று வைத்துக்கொண்டு, சின்ன அளவில், வலி குறையவும் மூச்சு அடைக்காமல் இருக்கவும் மட்டும் ஆரம்பித்தார். கணவரிடம் விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கியபோது நானும் அங்கே இருந்தேன். இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. அவர் கட்டைவிரல் வைக்கவில்லை, அழகாகக் கையெழுத்துப் போட்டார். படிக்காத ஜனங்கள் என்று நான் நினைத்தேனே, அதற்கும் சேர்த்து எனக்கு வலித்தது.

பொறியாளர் வந்தது சிகிச்சை முடிய இரண்டு நாள் இருக்கும்போது. பாவம், நல்ல ஆள். அலுத்துப்போய் வந்திருந்தார், கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏதோ ஒரு நீளமான எண்ணை அடித்தார். பட்டியல் வந்தது. நான் பேரைச் சொன்னேன். திறந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றபடியே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படம் படமாகத் தள்ளிப் பார்த்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் இந்தப் பிளானை வரைந்தவர் யாரோ, இப்போது இங்கே இல்லை. எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. கதிரின் அளவைக் காட்டும் கோடுகளெல்லாம் தண்டுவடத்தைச் சுற்றி விலகி வளைந்து போயிருந்தன.

"ரொம்பக் கம்மி. முழுசாவே குடுத்திருக்கலாம்" என்றார்.

"இப்பக் குடுக்கலாம்ல மேடம்?"

முந்தின நாள் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு இடத்தில் தெரிகிறது என்றார். இனிமேல் கழுத்தை மட்டும் கரைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் கிடைத்திருந்தால் நிச்சயம் காப்பாற்றியிருப்போம் என்று சொல்ல முடியாது, ஆனால் முயற்சி செய்திருப்போம் என்றார். பொறியாளர் தன் பையை மூடிக்கொண்டு, சர்வீஸ் தாளில் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். போட்டுக் கொடுத்தேன்.

கடைசி நாள் சிகிச்சை முடிந்ததும் அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். டாக்டரம்மா நுரையீரல் விஷயத்தைக் கணவரிடம் சொல்லியிருந்தார்; மனைவியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று அவர்தான் டாக்டரம்மாவிடம் கெஞ்சியிருந்தார். கணவர் உள்ளே வராமல் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். அந்தப் பெண்ணுக்கு வலி குறைந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. முதல்முறையாகக் குளிரைப் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பெட்டி தொறந்துருச்சாம்ல சார்?"

"தொறந்துருச்சும்மா."

"என்னா போட்டுருக்கு? அன்னைக்கு முதுகெலும்புக்கு நெறையாப் போயிருச்சா? எனக்கு அதான் சார் பயம். அதான் இப்ப கொஞ்சமாக் குடுத்தாகளோன்னு நெனச்சுக்கிட்டேன்."

"இல்லம்மா. ரொம்பக் கம்மியாத்தான் போயிருக்கு."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். "அப்ப நல்லதுதான சார்?"

கதவுக்குப் பின்னால் நின்ற மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதாம்மா" என்றேன்.

"உங்களுக்குத்தான் ரொம்பச் செரமம் குடுத்துட்டேன்" என்று எழுந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.